அனுபவம் எத்தனை மார்க்கு?

வீட்டிலிருந்தபடியே கிரிக்கெட் அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டு ஒன்றைச் சிருஷ்டித்துக்கொண்டிருக்கும் ரகுவுக்கும், கிளப் ஆட்டங்களுக்கு முப்பது வருஷம் ஸ்கோர் எழுதி, பென்சில் பிடித்த விரலில் காய்ப்பேறிப்போன அவனுடைய பெரியப்பாவுக்கும் மாடி வராந்தாவில் நடந்த சம்பாஷணை இது.

ரகு: 1992-இல் இங்கிலாந்தில் கோலியர் சகோதரர்கள் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற கால்பந்து நிர்வாக விளையாட்டை வெளியிட்ட நாள் முதலாக, ஆட்டக்காரனின் குணங்களை எண்ணில் எழுதுகிற சாஸ்திரம் வளர்ந்து வந்திருக்கிறது, பெரியப்பா. அந்தச் சம்பிரதாயத்தை ஒட்டி நானும் அனுபவத்துக்கு 20 மார்க் வைத்திருக்கிறேன். பயிற்சி ஆட்டத்துக்குக் கால் புள்ளி, லீகுக்கு ஒன்று, டெஸ்டுக்குப் பத்து. சேர்ந்த புள்ளிக்கு வர்க்கமூலம் எடுத்தால் மார்க். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மனிதன் கற்கிறான் அல்லவா?

பெரியப்பா: நாற்பது டெஸ்டில் நானூறு புள்ளி, வர்க்கமூலம் இருபது. அத்துடன் ஞானம் பூர்த்தி! டெண்டுல்கர் 200 டெஸ்ட் ஆடினாரே, மிச்சம் நூற்றறுபதும் பொழுதுபோக்கா?

ரகு: மேல்வரம்பு இல்லாவிட்டால் விளையாட்டின் சமநிலை கெட்டுவிடும்.

பெரியப்பா: கெடக்கூடாதுதான். ஆனால் 1939-இல் டர்பனில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மார்ச் 3-ஆம் தேதி தொடங்கிய டெஸ்ட் 14-ஆம் தேதி வரை இழுத்து, 696 ஓட்டம் எடுக்க வேண்டிய இங்கிலாந்து 654-இல் நிற்கும்போது, ஊருக்குப் போகும் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஆட்டமே கைவிடப்பட்டதே, அதற்கு எத்தனை புள்ளி?

ரகு: பத்து.

பெரியப்பா: நாலு நாள் மழையில் சீட்டாடிவிட்டு ஐந்தாம் நாள் ஒரு மணி நேரம் தேர்ட்மேனில் நின்றவனுக்கு?

ரகு: அதுவும் பத்து. என் அட்டவணையில் இரண்டும் ஒவ்வொரு வரிதான்.

பெரியப்பா: பேஷ்! இனி ஹிர்வானியிடம் வருவோம். 1988 ஜனவரியில், சேப்பாக்கத்தில், டெஸ்ட் என்பதையே அதுவரை ஆடியறியாத அந்தக் கண்ணாடிக்காரப் பையன், மேற்கிந்தியத் தீவினரை இரண்டு இன்னிங்ஸிலும் எட்டு எட்டாகச் சுருட்டி 136 ஓட்டத்துக்குப் பதினாறு விக்கெட் எடுத்தான். அன்று அவனுடைய டெஸ்ட் அனுபவம் உன் கணக்கில் பூஜ்யம். அதன்பின் ஆடிய பதினாறு டெஸ்டிலும் சேர்த்துக் கிடைத்தவை ஐம்பதுதான். அனுபவம் ஏற ஏற விக்கெட் இறங்கியிருக்கிறதே, உன் சூத்திரத்தில் கழித்தல் குறி எங்கே இருக்கிறது?

ரகு: அது விதிவிலக்கு.

பெரியப்பா: 1948-இல் போர்ட் ஆப் ஸ்பெயினில் முதல் டெஸ்டிலேயே 112 அடித்து, பிறகு மறு டெஸ்டே காணாத கான்டோம்?

ரகு: அவருக்கு மூன்று மார்க். அவரும் விதிவிலக்கு.

பெரியப்பா: விதிவிலக்குகளையெல்லாம் வாசலில் நிறுத்திவிட்டு நடத்துகிற கல்யாணம்! சரி, ஒரு சந்தேகம். ஸ்கோர் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் நான் நாலு சீசன் பன்னிரண்டாவது ஆளாக எலுமிச்சை ரசக் கூஜா சுமந்தேன். எனக்கு?

ரகு: (தட்டிப் பார்த்து) பூஜ்யம். கூஜாவுக்கு இடம் வைக்கவில்லை. வேண்டுமானால் ஒரு தடவைக்கு 0.1 சேர்க்கிறேன்.

பெரியப்பா: 0.1-ஆ? ஐஸ் போட்ட கூஜாவடா அது! 0.2 ஆவது போடு. வெயில் காலத்துக்குத் தனியாக எழுது.