ஒட்டுக்கைச் சிற்பியார்

ராஜகுமாரி பாதாளத்தில் விழுந்து காணாமற் போய்விட்டாள். யுகக்கணக்காகச் சிறைப்பட்டுக் கிடந்த அரக்கன் கண்ணைத் திறந்துவிட்டான். அரண்மனையோ அஸ்திவாரத்தோடு பெயர்ந்து ஆகாயத்தில் தொங்குகிறது. இத்தனை விபரீதங்களுக்கும் நடுவே, உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பைத் தன்னந்தனியாகத் தலைமேல் சுமந்து நிற்கும் நம் சிற்பியார், ஒரு குளக்கரையில் நின்றுகொண்டு, மரக்கட்டைகளை அடுத்தடுத்து வைத்து ஒட்டுவதா, அல்லது குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு ஒட்டுவதா என்று ஒரு மணி நேரமாக ஆலோசனை செய்துகொண்டிருக்கிறார்.

சிற்பியார் என்று நான் சொல்வது ஒரு தனி மனிதரை அன்று, ஒரு ஜாதியை. கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனத்தார் 2023-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ என்னும் வீடியோ கேமை வெளியிட்டபோது, மூன்றே நாட்களில் அது ஒரு கோடிப் பிரதிகள் விற்றுப்போயிற்று. இளவரசி ஸெல்டாவைத் தேடும்படி ஒரு கோடிப் பேரிடம் ஒப்படைத்தால் ஒருவராவது நேரே தேடிப் போகமாட்டாரா என்று ஆசிரியர்கள் நினைத்திருக்கலாம். நேரே போன உத்தமர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வழியில் ஒரு பலகையைக் கண்டு நின்றுவிட்டவர்களின் தலைவரே நம்முடைய கதாநாயகர்.

இவருக்கு இந்தச் சித்தி கைவந்த வரலாறு மிகவும் சுருக்கமானது. கதையின் வீரனாகிய லிங்க் வலது கையைப் பறிகொடுத்து, ஆகாயத் தீவு ஒன்றில் கண் விழித்துப் பார்க்கையில், ராவுரு என்னும் பழங்காலத்து அரசனுடைய கை தன் தோளில் பொருத்தப்பட்டிருப்பதைக் காண்கிறான். அங்கேயுள்ள உக்கோ என்னும் முதல் கோயிலுக்குள் நுழைந்ததும் அந்தக் கைக்கு ‘அல்ட்ராஹேண்ட்’ என்ற சக்தி அருளப்படுகிறது. தொலைவில் கிடக்கும் பொருளைத் தூக்கலாம், திருப்பலாம், ஒன்றோடொன்று வைத்தால் பச்சைப் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். (இந்தப் பெயர் புதிதன்று. 1966-இல் யோகோய் குன்பெய் என்பவர் நின்டெண்டோவுக்காகச் செய்துகொடுத்த, நீட்டி மடக்கிப் பொருளைக் கவ்வும் பொம்மைக் கைக்கும் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்றே பெயர். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. எட்டாத பொருளின்மேல் கை வைக்கும் ஆசைக்கு அந்த ஊரில் நெடுநாளைய சரித்திரம் இருக்கிறது.) கோயிலுக்குள் கற்றுத்தரும் பாடமோ பலகைகளைப் போட்டும் ஒட்டியும் பள்ளத்தைக் கடந்து அக்கரைக்குப் போவது மட்டுமே, அதை முடித்து வெளியே வரும்போது, இதுவரையில் சாதுவாக இருந்த மனிதர், மயனுக்கே மறதியாய் விடுபட்ட நுணுக்கங்கள் தமக்குப் புலப்பட்டுவிட்டனபோல் நடக்கத் தொடங்குகிறார்.

இவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பாக்கியம் எனக்கு ஒரு முறை வாய்த்தது. கட்டைகளின்மேல் பாயை நட்டு, ஒரு சாணளவு கோணியிருக்கக் கண்டு, கன்ட்ரோலரின் கோலை இடமும் வலமுமாக ஆட்டி ஒட்டைப் பெயர்த்து, மறுபடி நட்டு, மறுபடி பெயர்த்து, கடைசியில் தெப்பத்தைத் தண்ணீரில் தள்ளியபோது, அவர் ஏறுவதற்கு முன்பே அது தனியாகப் புறப்பட்டுப் போய்விட்டது. நான் மெதுவாக, “ராஜகுமாரி என்ன ஆனாள்?” என்று கேட்டேன். “அவசரப்படாதீர்கள் சார், பாய்மரம் இன்னும் சரியாக உட்காரவில்லை” என்றார். அவர் குரலில் இருந்த சிரத்தையைக் கேட்டபின் வேறு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சிற்பியாருடைய தயாள குணத்தை விளக்க வேண்டுமானால் அடிசன் என்பவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைரூல் ராஜ்யத்தில் 81 இடங்களில் இந்த அப்பாவி, தன் முதலாளியான ஹட்சனின் உருவம் எழுதிய விளம்பரப் பலகையைக் கையால் தாங்கிக்கொண்டு நிற்பான். விட்டால் பலகை சாய்ந்துவிடும். முட்டுக் கொடுக்க ஒரு கட்டை போதும். சிற்பியாரோ நாலு பக்கமும் தூண் நிறுத்தி, மேலே விதானம் கட்டி, கும்பாபிஷேகம் ஒன்றுதான் பாக்கி என்னும் அளவுக்குக் கொண்டுவந்து, அடிசனைக் கையை எடுக்கச் சொல்வார். பலகை மட்டும் தூண்களுக்கு நடுவே நழுவிக் குப்புற விழும். மறுபடி நிமிர்த்தி எப்படியோ நிற்கவைத்து, அவன் கொடுக்கும் சில ரூபிக் காசுகளையும் சோற்றையும் பெற்றுக்கொள்ளும்போது அவர் முகத்தில் தோன்றும் பெருமிதம், அரக்கனை வென்றவர்களுக்கும் வாய்க்காது.

ஆனால் கொரோக் என்னும் இலைமுக வாமனர்களிடம் இந்தத் தயாளம் செல்லாது. பெரிய மூட்டையைச் சுமந்து களைத்துப்போய், தூரத்துத் தோழனிடம் சேர்த்துவிடும்படி கெஞ்சும் அந்தப் பிராணியைத் தூக்கிக்கொண்டு போனால் ஐந்து நிமிஷ வேலை. சிற்பியார் அதை ராக்கெட்டின் நுனியில் ஒட்டி ஆகாய மார்க்கமாக அனுப்புவார். சில சமயம் அது போய்ச் சேரும். உலகெங்கும் உள்ள சிற்பியார்கள் இந்த ஜீவன்களைச் சக்கரத்தில் கட்டிச் சுழற்றியதையும், நெருப்பின்மேல் வாட்டியதையும் விவரிப்பது நாகரிகமன்று.

யுத்த ரதங்களும் அவர் செய்ததுண்டு. மூன்று பீரங்கி, நாலு சக்கரம், முன்னால் நெருப்பு கக்கும் தலை ஒன்று. அது புறப்பட்ட கோலத்தைக் கண்டு நானே எழுந்து நின்றுவிட்டேன். இருபதடி போனதும் பாட்டரி தீர்ந்து நின்றது. எதிரிகள் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு வந்து அடித்தார்கள்.

இவ்வாறு காலம் போய்க்கொண்டிருக்கையில், பாதாளத்தில் கைவிடப்பட்ட மத்தியச் சுரங்கத்துக்கு அவர் தற்செயலாகப் போய்ச் சேர, அங்கே ‘ஆட்டோபில்ட்’ என்னும் இன்னொரு வித்தை அருளப்பட்டது. முன்பு செய்ததை நினைவில் வைத்துத் தானே கட்டிக்கொடுக்கும் வித்தை அது; குறைகிற உறுப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸோனைட் கல்லைக் கொடுத்தால் போதும். கிரைண்டர் வாங்கி வந்த மகனை ஆட்டுக்கல்லின் முன்னே உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்க்கும் பாட்டியைப் போல, முதல் இரண்டு நாள் அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தார். அதன்பிறகு அவருடைய கலை முழுவதும் ஒரே உருவத்தில் வந்து குவிந்துவிட்டது: முன்னே ஒரு விசிறி, பின்னே ஒரு விசிறி, நடுவே ஸ்டீரிங். இறக்கை வைத்துக் கட்டினால் அது சற்று நேரத்தில் மறைந்துபோகும், விசிறி மறையாது என்பதும், ஒன்பது கல்லில் காரியம் முடிந்துவிடும் என்பதுமே இதன் ரகசியம். பூலோகத்தில் இந்தக் கேமை வைத்திருப்பவர்களில் பலரும் இதே வண்டியில்தான் போகிறார்கள். சிற்பியாரிடம் நான் இதைச் சொல்லவில்லை. “பின்விசிறியின் சாய்மானம் மட்டும் என் சொந்தக் கற்பனை” என்று அவர் அந்தரங்கமாகத் தெரிவித்தபோது தலையை ஆட்டி வைத்தேன்.

அந்த வண்டியில் ஏறித்தான் ஒருநாள் மேகத்துக்கும் மேலே போனார். அங்கே வெண்ணிறமான பெரிய டிராகன் ஒன்று, யாரையோ எதிர்பார்ப்பதுபோல், ராஜ்யத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. கதையை முழுவதும் அறிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அறியாதவர்கள் இந்த வாக்கியத்தைப் படிக்காமல் தாண்டிவிட வேண்டும்: அந்த டிராகன்தான் ராஜகுமாரி. சிற்பியார் இலாகவமாக அவளுடைய முதுகிலே இறங்கினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். அவர் இரண்டடி நடந்து, முள்போல் மின்னிய துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “இதைக் கழியின் நுனியில் ஒட்டினால் பிரமாதமாக இருக்கும் சார், இன்னும் இரண்டு கிடைக்குமா பார்க்கிறேன்” என்றார்.