காட்டுக்கு வந்த கணக்குப்பிள்ளை

கானா நாட்டின் தெற்கே, கேப் கோஸ்ட் நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மழைக்காடு. பெயர் காக்கும் தேசியப் பூங்கா. அங்கே ஓடும் ஆற்றின் பெயராம். எனக்கென்னவோ நம் ஆள் யாரோ வைத்த மாதிரிதான் பட்டது. விடிகாலையில் போனால் அவரைப் பார்க்கலாம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, கழுத்தில் பைனாகுலர், கையில் பட்டியல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலேயரோ டச்சுக்காரரோ, ஜாதி ஒன்றுதான். பறவை பார்க்க வந்ததாகச் சொல்வார். நம்பாதீர்கள். வரவு வைக்க வந்திருக்கிறார்.

இந்தக் காட்டில் பறவைக்குப் பஞ்சமில்லை. கண்ணில் படுவதுதான் பஞ்சம். எல்லாம் மர உச்சியில். அண்ணாந்து அண்ணாந்து கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வைத்தியம் போல 1995-இல் மரத்துக்கு மரம் ஏழு தொங்குபாலங்கள் கட்டிவிட்டார்கள். மொத்தம் 350 மீட்டர் நீளம். சில இடங்களில் உயரம் 40 மீட்டர். பாலம் ஆட ஆட, அவர் ஒரு கையில் கயிற்றையும் மறு கையில் பட்டியலையும் பிடித்துக்கொண்டு நடப்பார். இரண்டில் ஒன்றை விட வேண்டி வந்தால் கயிற்றைத்தான் விடுவார்.

மஞ்சள் அலகு டுராக்கோ ஒன்று எங்களைத் தாண்டிப் பறந்தது. உடம்பு பச்சை, சிறகை விரித்தால் குங்குமச் சிவப்பு. அந்தச் சாயத்தில் நிஜமாகவே செம்பு இருக்கிறது. நான் வாய் பிளந்து நின்றேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அது நேற்றே ஆச்சு" என்றார்.

அவர் உயிரை விடுவது பச்சைச் சின்னான்களுக்காக. நம் தோட்டத்துச் சின்னானுக்குப் பங்காளிகள்தான். ஆனால் கொண்டை கிடையாது, வாலடியில் சிவப்பும் கிடையாது. பத்து வகைக்கு மேல் இருக்கின்றன, பாதிக்கு மேல் வாடிய கீரை நிறம். சிலவற்றைக் குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதற்கு வழிகாட்டிப் பையனின் காது வேண்டும்.

"சின்னப் பச்சைச் சின்னான், ஐயா."

"அன்சார்க் வகையா இருக்கக்கூடாதா, தம்பி?"

"அது இவ்வளவு நீட்டிப் பாடாது, ஐயா."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவர் தோற்றார். பையன் விலையை இறக்கவில்லை.

கீழே இறங்கினால் படையெறும்பு. கறுப்பு நாடா போலப் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. நான் துள்ளி ஓடினேன். அவர் முகம் மலர்ந்தது. எறும்புப்படை கிளப்பிவிடும் பூச்சிகளைத் தின்ன அலேத்தே என்ற சிறு பறவை கூடவே வருமாம். வந்தது. அந்த நேரம் பார்த்து எறும்பு ஒன்று காலுறையின் மேல்விளிம்பைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் அசையவில்லை. கண்ணில் நீர் கோத்தது. பறவை போனபின் முதலில் பேனாவை எடுத்தார். அப்புறம்தான் கால்சட்டையை உதறினார்.

கடைசி நாள் பொன்க்ரோ கிராமத்துக் காட்டில் பாறைக்கோழிக்காகக் காத்திருந்தோம். பல்லாண்டுகள் கானாவில் யாரும் பார்க்காமல் இருந்து 2003-இல் மறுபடி அகப்பட்ட பறவை. பாறைச் சரிவில் மண் கூடு கட்டும். அந்தி சாய்கையில்தான் திரும்பும். பலகையில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். ஒன்று தத்தித் தத்தி வந்து எதிரே நின்றது. வெள்ளைக் கழுத்து, மஞ்சள் மொட்டைத்தலை, இரு பக்கமும் கறுப்பு வட்டம்: ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற பாவனை. அவர் பட்டியலை எடுக்கவே இல்லை. ஐந்து நிமிஷம் சும்மா பார்த்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

இறங்கும்போது என் காதில் கிசுகிசுத்தார்: "இதில் இன்னொரு வகை உண்டு. சாம்பல் கழுத்து. கேமரூன் பக்கம்."

பிப்ரவரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.