நாலு வருஷத்து உஸ்தாத்

நம் ராணுவத்தின் சராசரி வயது 32 என்பது 2022 ஜூனில் டெல்லிக்குத் திடீரென உறுத்தியது. பட்டாளத்துக்குக் கிழடு தட்டிவிட்டதாம். 26-க்கு இறக்க வேண்டுமாம். இதைச் சொன்ன மேடையில் 26 வயதுக்காரர் ஒருவரும் இல்லை.

பிறந்தது அக்னிபத் திட்டம். பதினேழரை வயதிலிருந்து ஆள் எடு, 'அக்னிவீரர்' என்று பெயர் வை, நாலு வருஷம் வேலை வாங்கு, நூற்றுக்கு 25 பேரை வைத்துக்கொள், மிச்சம் 75 பேர் கையில் 11.71 லட்சத்தைத் திணித்து 'ஜெய்ஹிந்த்' சொல்லி அனுப்பு. அதிலும் ஏறக்குறைய பாதி, அந்தப் பையன் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்தது. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. சான்றிதழ் உண்டு.

ஜெனரல் வரைபடத்தில் கோடு போடுவார். கர்னல் உத்தரவு போடுவார். பனிமலையில் இரவு இரண்டு மணிக்குப் பையனின் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, காலுறையை உருவி, டார்ச் அடித்து விரல் விரலாகப் பார்ப்பவர் ஹவில்தார். "உணர்ச்சி இருக்கா, இல்லையா? வீறாப்புக்குப் பொய் சொன்னா விரல் போயிடும்டா." பத்துப் பன்னிரண்டு பனிக்காலம் பார்த்த கண் அது. ஆறு மாசப் பயிற்சியில் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிற சங்கதி இல்லை. பையன்கள் அவரை 'உஸ்தாத்' என்று கூப்பிடுவது சும்மாவா?

நாளைய உஸ்தாத் இந்த 25-லிருந்துதான் வரவேண்டும். நாலு கட்டில், ஒருவனுக்குத்தான் இடம். தனக்குத் தெரிந்த சூட்சுமத்தைப் பக்கத்துக் கட்டில்காரனுக்கு எவன் சொல்லிக் கொடுப்பான்? (திட்டம் போட்டவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளையே கேட்டிருக்கலாம். நீட் கோச்சிங் போன அனுபவம் இருக்கும்.)

பாணா சிங் 1969-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1987 ஜூனில், சியாச்சினில், சுமார் 21,000 அடி உயரத்தில் பாகிஸ்தான் உட்கார்ந்திருந்த சிகரத்தைப் பனிப்புயலில் ஏறிப் பிடித்தார். நாயிப் சுபேதார்; வயது 38; சர்வீஸ் 18 வருஷம். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள், சிகரத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். இன்றைய கணக்கில் அவர் சராசரி வயதைக் கெடுத்த ஆசாமி. நூற்றுக்கு 75 பங்கு, 1973-லேயே டிரங்குப் பெட்டியோடு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஊரில் என்ன வேலை? திட்டம் அறிவித்த சூட்டிலேயே ஆளுங்கட்சித் தலைவர் ஒருவர் சொன்னார்: கட்சி அலுவலகக் காவலுக்கு ஆள் வைத்தால் அக்னிவீரருக்கே முன்னுரிமை. எல்லோரும் அவரைப் பிடித்துத் திட்டினார்கள். பாவம், கோப்பில் எழுதாததை வாய்விட்டுச் சொன்னது அந்த மனுஷன் ஒருத்தர்தான்.

பென்ஷன் சுமை தாங்கவில்லை என்கிறார்கள். இருக்கட்டும். நாடாளுமன்றத்தில் எத்தனை நாள் உட்கார்ந்து எழுந்தாலும் ஆயுளுக்கும் பென்ஷன் உண்டு, மாதம் 31,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு மேல் அனுபவம் சேர்ந்தால், கூடுதல் வருஷம் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,500.