திரும்பி வரும் உத்தமர்

தருமபுரிக்காரர் ஒருவர் டூர் கம்பெனி துணையின்றி, தானே திட்டமிட்டு, முதல்முறையாக ஐரோப்பா பார்க்கக் கிளம்புவது போற்றத்தக்கது. அதைவிடப் போற்றத்தக்கது ஷெங்கன் விசா முறையின் கனிவு.

29 நாடுகளுக்கும் ஒரே விசா. அதனால் 29 நாடுகளின் சந்தேகத்தையும் ஒரே கவுன்டரில் தீர்த்துவிடலாம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, லீவு லெட்டர், ஓட்டல் முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் திரும்புவார் என்பதற்கு ஆதாரம். பாலக்கோட்டில் தக்காளித் தோட்டம் உள்ளவர் பட்டா நகலை இணைக்கலாம். ஒகேனக்கல் பரிசலையும் வறுத்த மீனையும் விட்டுவிட்டு எவன் பாரிஸில் தங்குவான் என்று கேட்கத்தான் படிவத்தில் கட்டம் இல்லை.

கண்டிப்பு நியாயமானதே. வந்த இடத்திலேயே தங்கிவிடும் ஆட்களை இந்த மாவட்டம் நன்கறியும். கிளாஸ்கோவில் பிறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ 1792இல், அன்று பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதிக்கு வந்தார். பேங்க் ஸ்டேட்மென்ட் இல்லை, ரிட்டர்ன் டிக்கெட் இல்லை. ஏழு ஆண்டுகள் நம்மிடம் நிலவரி வசூலித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

நிற்க. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது.