மூன்று நாள் உள்ளாட்சி

ஆசிரியர் சங்கத்தின் சுற்றறிக்கையில் மதச்சார்பு விடுப்பைப் பற்றி ஒரு பத்தியும் உள்ளாட்சித் தேர்தல் பணியைப் பற்றி ஒரு பத்தியும் அடுத்தடுத்து வந்தால், வட்டாரச் செயலாளர் கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே தாளில் அடைத்துவிட்டார் என்று சிலர் சிரிக்கிறார்கள். என் கட்சி வேறு. அந்த இரண்டு பத்திகளும் ஒரே விவகாரம். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வாய்த்த ஒரே தன்னாட்சி, ஆண்டுக்கு மூன்று நாள் கிடைக்கும் அந்த மதச்சார்பு விடுப்பு, அதாவது ஆர்.எல்.தான். ஊருக்குத் தன்னாட்சி கொடுக்க வரும் தேர்தல், போகிற போக்கில் அதைச் சுருட்டிக்கொண்டு போகிறது. ஊராட்சி வார்டு வரை இறங்கிய அதிகாரப் பரவல் இன்னும் ஒரே ஒரு படி இறங்கி, ஆசிரியரின் விடுப்புப் பதிவேட்டையும் தொட்டால் என்ன என்பதுதான் என் கேள்வி.

மூன்று நாளுக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்பவர்கள் மற்ற விடுப்புகளின் குணத்தை யோசிக்க வேண்டும். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அதற்குக் காரணம் வேண்டும். காய்ச்சல் வர வேண்டும், அல்லது வந்ததாக எழுத வேண்டும். மருத்துவ விடுப்புக்கு டாக்டர் வேண்டும். ஆர்.எல். அப்படியல்ல. அரசு ஒரு பட்டியல் கொடுக்கிறது: போகி, சாம்பல் புதன், ஷபே பராஅத், பெரிய வியாழன், ஆடிப்பெருக்கு, வரலட்சுமி விரதம், கல்லறைத் திருநாள் என்று எல்லாச் சமயத்துக்கும் இடம் உண்டு. அதில் எந்த மூன்றை எடுப்பது என்பது ஆசிரியரின் பாடு. மதம் பார்த்துக் கேள்வி கிடையாது. திருநீறு பூசியவர் சாம்பல் புதனுக்கு விடுப்பு எடுக்கலாம், சாம்பலில் பேதமென்ன?

மதச்சார்பற்ற அரசுக்கு மத விடுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலே பதில். சமய நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த பண்டிகை எந்தச் சமயத்துடையதாக இருந்தாலும் அதன்மேல் அங்கே யாருக்கும் பக்தி இருக்காது. பெரிய வியாழனுக்கு மட்டும் சகல மதத்தாரிடமும் தனி மரியாதை உண்டு. மறுநாள் புனித வெள்ளி, அரசு விடுமுறை. அதையடுத்து சனி, ஞாயிறு. வரலட்சுமி விரதமும் ஆண்டுதோறும் தவறாமல் வெள்ளிக்கிழமையில் வருகிற புண்ணியத்தால் அதற்கும் எம்மதத்திலும் அன்பர்கள் உண்டு. வாரத்தின் நட்டநடுவில் வருகிற சாம்பல் புதனுக்கு விடுப்பு எழுதுகிறவர்தான் உண்மையான விசுவாசி.

இனி தேர்தல். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 27-ஆம் பிரிவில், ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை நீங்கலாக என்கிறது. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி மூன்றும் அந்த நீங்கலுக்குள் அடங்கும். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவது இதுதான். அதற்கும் முன்னால், 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பை நினைத்து ஒரு தீர்ப்புச் சொன்னது: ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு அழைப்பதென்றால் விடுமுறை நாட்களிலும் பாடம் நடக்காத நாட்களிலும் அழையுங்கள். நல்ல எண்ணம்தான். பிள்ளைகளின் பாடம் தப்பியது. ஆசிரியரின் விடுமுறை மாட்டிக்கொண்டது.

எப்படி மாட்டிக்கொண்டது என்பதற்கு நாட்காட்டியே சாட்சி. 2019-இல் 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் நடந்தது. வேட்புமனு வாங்கத் தொடங்கிய மறுநாள் கார்த்திகை தீபம். வாக்குப்பதிவுக்கு முதல்நாள் பெட்டியோடும் மையோடும் வாக்குச்சாவடிக்குப் புறப்பட்ட டிசம்பர் 26 அன்று காலையில், தமிழ்நாட்டின் மேல் வளையச் சூரிய கிரகணம். நல்ல நேரம் பார்த்துப் புறப்படுவதாவது! புத்தாண்டுக்கு மறுநாள் எண்ணிக்கை. ஒவ்வொரு வாக்காளருக்கும் நான்கு ஓட்டு, நிறம் நிறமாக நான்கு சீட்டு. எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி எண்ணும் வேலை ஜனவரி 3 வரை இழுத்தது. 2021-இல் மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு அக்டோபர் 6-இல் முதல் கட்டம். அன்று மகாளய அமாவாசை. முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய நாளில், வாக்காளர் பட்டியலில் இன்னும் உயிரோடிருக்கும் ஊராரின் முன்னோரை ஆசிரியர்கள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கட்டமும் எண்ணிக்கையும் நவராத்திரிக்குள்.

கவனித்தீர்களா, இரண்டும் ஆண்டின் கடைசிக் காலாண்டு. நடக்காமல் போன 2016 தேர்தலுக்கும் அக்டோபர் 17, 19 என்றுதான் நாள் குறித்தார்கள். ஆர்.எல்.லைச் சிக்கனமாகச் சேர்த்து வைத்தவர் செலவழிக்க நினைப்பதும் அந்த மாதங்களில்தான். அப்போதுதான் பயிற்சி வகுப்பு முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று ஆணை வரும். ஆணை கைக்கு வந்துவிட்டால் விடுப்பைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேசிப் பயனில்லை. அவருக்கும் அதே ஆணை வந்திருக்கும். வகுப்புக்குப் போகாவிட்டால் 17(பி) ஒழுங்கு நடவடிக்கை பாயுமென்று யாராவது ஒருவர் சொல்லிவைப்பார். டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில் எடுக்காத ஆர்.எல். காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வழியில்லை.

கோடையில் மே மாதம் முழுக்க வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்பது பழைய கேள்வி. இருக்கிறார்கள், அதற்கு விலையும் கொடுத்துவிட்டார்கள். விடுமுறைத் துறை என்ற காரணத்தால் ஆசிரியருக்கு ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 17 நாள், மற்ற அரசு ஊழியருக்கு 30. தவிர, மே மாதத்தை அரசு கொடுக்கும்போதுதான் வாங்க வேண்டும்; அத்தை மகள் கல்யாணம் ஆவணியில் வந்தால் மே மாதத்தை அங்கே நகர்த்த முடியாது. தேர்தல் பணிக்கு மதிப்பூதியம் தருகிறோமே என்பது அடுத்த வாதம். பணம் வேலைக்கு, நான் பேசுவது நாளைப் பற்றி. சனநாயகக் கடமையில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கணக்குப் பார்ப்பதற்குத்தானே ஆசிரியரைக் கூப்பிட்டீர்கள்? ஓட்டுச் சீட்டில் ஒன்று குறைந்தால் விடிய விடிய உட்கார வைக்கிறீர்களே.

ஆகவே சங்கத்தின் சுற்றறிக்கையில் மூன்றாவதாக ஒரு பத்தியும் வரவேண்டும். தேர்தல் பணி ஆணை வந்த ஆண்டில் எடுக்க முடியாமல் போன ஆர்.எல்.லை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும். வாக்குப்பதிவுக்கு மறுநாள் பள்ளிக்கு வருவதிலிருந்து விலக்குக் கேட்டு ஒவ்வொரு தேர்தலிலும் தனித்தனியாகக் கெஞ்சுவதை விட, நிரந்தரமாக ஓர் அரசாணை கேட்பது கௌரவம்.

இதைக் கொடுத்தால் எல்லாத் துறையும் கேட்குமே, அரசு தாங்குமா என்று நிதித்துறை கவலைப்படலாம். அவசியமில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருந்தும், 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஊராட்சிகளில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் அதே தனி அலுவலர்கள் திரும்பி வந்தார்கள். ஆசிரியர் மூன்று நாள் விடுப்புக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். ஊராட்சித் தலைவர் நாற்காலி ஆண்டுக்கணக்கில் விடுப்பில் போக யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. இந்த வேகத்தில் தேர்தல் நடந்தால், நான் கேட்கும் சலுகை ஓர் ஆசிரியரின் பணிக்காலத்தில் எத்தனை முறை செலவாகிவிடப் போகிறது?