கணினியில் கை வைக்கலாமா?

கே: வீட்டுக் கணினியில் ஆங்கிலம் மட்டும்தான் வருகிறது. தமிழ்வழி படிக்கும் மகளுக்காக செட்டிங்ஸை மாற்றலாமா? எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். (ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு)

ப: தாராளமாகத் தொடுங்கள். கணினி தொட்டாற்சிணுங்கி அல்ல! சேர்த்ததைச் சேர்த்த இடத்திலேயே நீக்கிவிடலாம்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய் தமிழைச் சேருங்கள். வேலை அதோடு முடியவில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான். தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'தமிழ் 99' விசைப்பலகையையும் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். ஏ, கே, கே, க்யூ என்று நாலு தட்டு: 'அம்மா' வந்து நிற்பாள். ம-வை இருமுறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழும். உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 1999 சென்னை தமிழ் இணைய மாநாட்டில் பிறந்த அருமையான ஏற்பாடு இது.

கேரளப் பள்ளிக் கணினிகளில் இருப்பது விண்டோஸ் அல்ல, மாநில அரசின் 'கைட்' நிறுவனம் தரும் லினக்ஸ். அதிலும் தமிழைச் சேர்க்கலாம். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தமிழ்வழி ஆசிரியர்களே, உங்கள் ஆய்வகத்தில் இன்றே சேர்த்துவிடுங்கள்.