முழங்கால் இலக்கணம்: ஏவலும் வினாவும்

ஆய்வுச் சிக்கல்: அறுபதைக் கடந்தவர் நாற்காலியை விட்டு எழும்போது முதலில் ‘முருகா’ எழுகிறது, ஆள் பிறகு எழுகிறார். இந்த இடைவெளியைக் குறைக்க வீட்டிலேயே செய்யத்தக்க, நம்பத்தக்க பயிற்சி எது? ஆய்வாளர் வயது 66. ஆய்வு எல்லை எங்கள் வீட்டுக் கூடம், ஊஞ்சல் நீங்கலாக.

தரவுகள்: மூன்று பாடங்கள் கிடைத்தன. ஒன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ‘ஏழே நாளில் மூட்டுவலி மாயம்’. இரண்டு, எதிர்வீட்டுக்காரரின் ‘தினம் பத்தாயிரம் அடி’. இதன் மூலபாடம் தேடியதில், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போகேய்’ என்ற அடி எண்ணும் கருவியில் போய் முடிந்தது. அப்பெயருக்கே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்றுதான் பொருள். வேதவாக்கு என்றிருந்தது விளம்பர வாக்கு. மூன்று, மகன் வாங்கித் தந்த ரப்பர் பட்டை. தற்போது பழைய பேப்பர் கட்டப் பயன்படுகிறது.

இலக்கண ஆய்வு: இத்தகைய பாடங்களின் சொற்கள் குனி, தாவு, முறுக்கு. மூன்றும் ஏவல் வினைமுற்று. முன்னிலையில் நிற்பவரின் முழங்கால் எப்படி என்று எந்தப் பாடமும் வினவவில்லை.

கருதுகோள்: நம்பத்தக்க பயிற்சி வினாவில் தொடங்கும்.

சான்றுகள்: கனடாவில் தோன்றிய ‘பார்-க்யூ’ தாளில் ஏழு கேள்விகள்: நெஞ்சுவலி உண்டா, தலை சுற்றுமா, மூட்டில் கோளாறா என்பதுபோல. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சியில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து, ஆளைச் சோதித்த பின்புதான் கால்வலு, சமநிலை, நடை மூன்றுக்கும் அளவு சொல்வார். இதை முதலில் செய்து பார்த்தவர்கள் 80 வயது தாண்டிய பெண்கள். இவ்வரியை என் மனைவி அடிக்கோடிட்டார்.

களச் சோதனை: சுவரோடு ஒட்டிய நாற்காலி. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறோம் என்பது கணக்கு. 65 முதல் 69 வயது ஆணுக்கு 12க்குக் கீழ் என்றால் வலு குறைவு. ஆய்வாளர் பெற்றது 9. பத்தாவது முறை எழுந்தது ‘கால்’ மட்டுமே என்று, கடிகாரம் பிடித்த மனைவி தள்ளுபடி செய்துவிட்டார். ஆறு வாரம் நாற்காலியோடு பழகியபின் 11. ‘முருகா’ இன்னமும் முந்துகிறது.

முடிவு: ‘மாத்திரை போட்டீங்களா? தலை கிலை சுத்துதா?’ என்று தினமும் வினாவிலேயே தொடங்கும் ஒருவர் இவ்வீட்டில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார். அவரை ஆய்வாளர் இதுவரை ‘தொணதொணப்பு’ என்னும் வகையில் சேர்த்திருந்தார். அவ்வகைப்பாடு இதனால் திருத்தப்படுகிறது.